பணம் திரும்பி வந்தது என்பது பதில் இல்லை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஏஐஜியைப் புகழும் அந்தப் பதிவின் கீழே, 2008 நெருக்கடி பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "இன்சூரன்ஸ் தெரியாதவங்க பேச வேண்டாம்" என்று பதில் வந்தது. சரி, இங்கேயே பேசுகிறேன்.

கொர்னீலியஸ் வாண்டர் ஸ்டார் 1919இல் ஷாங்காயில் ஒரு சிறிய ஏஜென்சியாகத் தொடங்கியது உலகம் முழுக்கப் பரவியது பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பதிவு 2008இல் அமெரிக்க அரசு அதைக் காப்பாற்றியதை இரண்டே வரியில் தாண்டி, "கடைசியில் அரசுக்கு 2,270 கோடி டாலர் லாபம்" என்று முடித்துவிடுகிறது. பணம் திரும்பி வந்தது என்பது பதில் இல்லை.

வீட்டுக்கடன்களை அடிப்படையாகக் கொண்ட பத்திரங்கள் மூழ்கினால் நஷ்டத்தைத் தருகிறோம் என்று ஏஐஜியின் ஃபைனான்ஷியல் புராடக்ட்ஸ் பிரிவு வங்கிகளுக்கு வாக்குக் கொடுத்தது. இந்த ஒப்பந்தத்துக்கு ஸ்வாப் என்று பெயர். சட்டம் அதைக் காப்பீடாகக் கருதவில்லை. அதனால் காப்பீட்டுக்கு உரிய கையிருப்பும் வைக்கவில்லை. இதில் ஒரு டாலர்கூட இழப்போம் என்று தோன்றவில்லை என 2007 ஆகஸ்டில் அந்தப் பிரிவின் தலைவர் ஜோசப் கசானோ முதலீட்டாளர்களிடம் சொன்னார். 2008 செப்டம்பரில் ஏஐஜியின் தரமதிப்பீடு இறங்கியது, வங்கிகள் ஈடு கேட்டன, கொடுக்கப் பணமில்லை. 16ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. உதவியின் உச்ச அளவு பிறகு 18,000 கோடியைத் தாண்டியது.

என் அத்தான் டெர்ம் பாலிசிக்கு வருடக்கணக்கில் தவறாமல் பணம் கட்டியவர். ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு தவணை தள்ளிப்போனது, சலுகைக் காலமும் முடிந்தது. அவர் இறந்த பிறகு அக்காவுக்குக் கிடைத்தது பாலிசி லாப்ஸ், அதாவது காலாவதி, ஆகிவிட்டது என்ற கடிதம் மட்டும்தான். விதி அதுதான், எனக்கும் தெரியும். தவணை தவறினால் அக்காவுக்கு ஒன்றுமில்லை என்றால், கையிருப்பே இல்லாமல் வாக்குக் கொடுத்தவர்களுக்கு 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் எந்த நியாயத்தில்?

"ஏஐஜி விழுந்திருந்தால் எல்லாமே விழுந்திருக்கும்" என்பீர்கள். இருக்கலாம். காப்பாற்றியதை நான் எதிர்க்கவில்லை. ஸ்வாப் வைத்திருந்த வங்கிகளிடம் ஒரு சதவீதம்கூடத் தள்ளுபடி வாங்காமல் முழுத்தொகை கொடுத்ததைக் கேட்கிறேன். "காப்பீட்டுப் பிரிவுகள் சுத்தமாக இருந்தன, தப்பு ஒரே பிரிவில்தான்" என்பதும் சரியில்லை. ஆயுள் காப்பீட்டுப் பிரிவுகளின் பத்திரங்களைக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக வந்த பணத்தையும் அதே வீட்டுக்கடன் பத்திரங்களில்தான் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் தெரிந்தவர்கள் இதை ஏன் எழுதவில்லை?

அப்புறம் இன்னொன்று. நிறுவனத்தை பல பத்தாண்டுகள் நடத்திய மாரிஸ் கிரீன்பெர்க், மீட்பு நிபந்தனைகள் கடுமை என்று தன் ஸ்டார் இன்டர்நேஷனல் நிறுவனம் மூலம் அரசு மேலேயே வழக்குப் போட்டார். 2015இல் மத்திய வங்கி வரம்பு மீறியதாக நீதிமன்றம் சொன்னது, நஷ்டஈடு தரவில்லை. 2017இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பும் நிற்கவில்லை. காப்பாற்றியவரையே கோர்ட்டுக்கு இழுக்க அவர்களுக்கு வக்கீல் இருந்தார்கள். என் அக்காவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்து விளக்கக்கூட ஆள் இல்லை.

இவ்வளவையும் சேர்த்து அந்தப் பதிவைத் திருத்தி எழுதுங்கள், நானும் பகிர்கிறேன்.