ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்றால் யாரோடு ஒப்பிட்டு?

மேலே மஞ்சக்குப்பத்து அண்ணன் ஒருவர் சொல்லியிருப்பது இது: ஏழு வயதுப் பையனுக்கு மீசை அரும்பியிருந்தாலும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மைக்கான ஹார்மோன்) 90தான், ரிப்போர்ட்டிலேயே ‘குறைவு’ என்று போட்டிருக்கிறது, அதனால் பயமில்லை. அதை நம்பி இன்னும் சிலரும் “எங்க பையனுக்கும் குறைவுதான்” என்கிறார்கள்.

அண்ணே, அந்தக் ‘குறைவு’ வளர்ந்த ஆணோடு ஒப்பிட்டுப் போட்டது. பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் இருக்கும். பருவம் தொடங்காத பையனுக்கோ பொதுவாக 20-க்கும் கீழேதான். ஆக, ஏழு வயதில் 90 என்பது அதிகம். 9 வயதுக்கு முன்பே இப்படி அறிகுறி தெரிந்தால் காட்டியே ஆக வேண்டும். அட்ரீனல் சுரப்பியிலோ (சிறுநீரகத்துக்கு மேலே இருப்பது) மூளையிலோ காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். (பல நேரம் மருந்திலேயே சரியாகிற விஷயம், பதற வேண்டாம்.)

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ரிப்போர்ட்டை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வரம்பைப் பாருங்கள். 300-ஐ ஒட்டித் தொடங்கினால் அது பெரியவர்களுக்கானது. அலகையும் பாருங்கள்: சில லேப்களில் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தருவார்கள், இதே 90 அங்கே 3 என்று நிற்கும். லேப் கவுண்டரிலேயே “பையன் வயசுக்கு வரம்பு என்ன?” என்று கேட்கலாம். அப்புறம், ரத்தம் எடுத்த நேரம். பருவம் தொடங்கும்போது இந்த ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, பகலில் இறங்கிவிடும். சாயந்திரம் எடுத்த ரிப்போர்ட் என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் ஹார்மோன் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.