கத்தல் மட்டும்தான் வைரலாகிறது

ஒரு வாரமாக என் ரீல்ஸ் முழுக்க ஆரோன் சிலாடிதான். ஹங்கேரிக்காரர், சேபர் (வாள்வீச்சின் மூன்று வகைகளில் ஒன்று) வீரர். (எழுத்தைப் பார்த்து நாம் ‘சிலாக்யி’ என்கிறோம். அவர்கள் ஊரில் ஏறக்குறைய சிலாடி என்றுதான் சொல்கிறார்கள்.) ஒரு பாய்ச்சல், வாள் பட்டதும் விளக்கு எரிகிறது, முகமூடியைக் கழற்றி ஒரு கத்தல், பின்னணியில் தடதட இசை. இருபது வினாடியில் முடிந்துவிடும். கீழே நெருப்பு எமோஜிகளும் ‘யாருப்பா இவரு?’வும்.

யாரென்றால், லண்டன் 2012, ரியோ 2016, டோக்கியோ என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக்கில் தனிநபர் சேபர் தங்கம் வாங்கியவர். தனிநபர் சேபரில் வேறு யாரும் மூன்று வாங்கியதில்லை. இறுதிப் போட்டிகளின் ஸ்கோர் 15-8, 15-8, 15-7. எதுவுமே தட்டுத்தடுமாறி வாங்கிய தங்கம் இல்லை.

அந்தக் கத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேபரில் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையைத் தவிர, இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளி. பல நேரம் இருவர் விளக்கும் சேர்ந்தே எரியும், தாக்குதல் யாருடையது, புள்ளி யாருக்கு என்று நடுவர்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதனால் கத்தலில் பாதி சந்தோஷம், மீதி நடுவரிடம் வைக்கிற வழக்கு என்றுதான் எனக்குப் படுகிறது!

என் வருத்தமெல்லாம், ரீல்ஸ் வெட்டி எறிகிற அந்த முதல் இரண்டு வினாடிகள் பற்றித்தான். எதிராளியின் வாள் நூலிழையில் தவறும்படி பின்வாங்கி, அவர் கை நீண்டு நிற்கிற கணத்தில் திருப்பி வெட்டுவது. சிலாடியின் ஆட்டமே அந்தக் கால்களில்தான் இருக்கிறது.

அது ஒருநாளில் வந்ததும் இல்லை. 1908 முதல் 1964 வரை ஆண்கள் தனிநபர் சேபர் தங்கம் ஒவ்வொரு முறையும் ஹங்கேரிக்குத்தான் போனது. 1920 மட்டும் விலக்கு. முதல் உலகப்போரில் தோற்ற நாடென்று அவர்களை அழைக்கவே இல்லை. அலாதார் கெரேவிச் 1932-இல் தொடங்கி ஆறு ஒலிம்பிக்கில் தனிநபர், அணி இரண்டும் சேர்த்து ஏழு தங்கம் வாங்கினார், கடைசித் தங்கத்தின்போது வயது 50. சிறுவன் சிலாடிக்கு வாள் சொல்லிக்கொடுத்தவர் அந்த அலாதாரின் மகன்.

நம்மில் பலர் சேபர் என்ற சொல்லையே சென்னைப் பெண் பவானி தேவியால்தான் கேள்விப்பட்டோம். சிலாடி மூன்றாவது தங்கம் வாங்கிய இரண்டாவது நாள் அதே டோக்கியோவில் அவர் வாளேந்தினார்.

அப்புறம் பாரிஸ் 2024. சிலாடி முதல் ஆட்டத்திலேயே கனடாவின் ஃபாரெஸ் அர்ஃபாவிடம் 8-15 என்று தோற்றார். நெருப்பு எமோஜி போட்டவர்களே ‘கதை முடிஞ்சுது’ என்றார்கள். நான்கே நாளில் 34 வயசு மனுஷன் அணியோடு இறுதிப் போட்டிக்கு வந்து, கொரியாவிடம் 41-45 என்று தோற்று வெள்ளி வாங்கினார். அந்த வெள்ளிக்கு ஒரு ரீலும் என் கண்ணில் படவில்லை.

நேற்று டோக்கியோ இறுதிப் போட்டியை முழுசாகப் போட்டேன். பக்கத்தில் பையன். “வாளைப் பாக்காதடா, காலை மட்டும் பாரு” என்றேன். ஐந்தாறு புள்ளி போனதும், “அப்பா, இப்போ பின்னாடி போவாரு” என்றான்.

போனார்.