சென்னையின் நல்ல மரங்கள் மதில் சுவருக்குள்ளேயே இருக்கின்றன

சென்னையில் வியந்து பார்க்கிற மாதிரி ஒரு மரம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மதிலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அடையாறு ஆலமரம் பிரம்மஞான சபைக்குள். மயிலாப்பூர்ப் புன்னை கபாலீசுவரர் கோயிலுக்குள். திருவான்மியூர் வன்னி மருந்தீசுவரர் கோயிலுக்குள். மதிலுக்கு வெளியே ஏன் இப்படி மரங்கள் நிலைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாகலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம்ம ஊர் மரம் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். காலையில் உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்து, நடுவில் பாம்பு படமெடுத்தது போலக் கவிந்திருக்கும் பகுதியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீழே வட்டமாக ஒரு மகரந்தக் கூட்டம், படத்தின் உட்புறம் இன்னொன்று. பூவில் தேன் கிடையாது. படத்தில் இருக்கும் மகரந்தம் வண்டுக்கான சாப்பாடு, அது முளைக்காது. அதைத் தின்ன உள்ளே நுழையும் கருவண்டின் உடம்பில் வட்டத்து மகரந்தம் அப்பிக்கொள்கிறது. விதை உண்டாவது அதனால்தான். இவ்வளவு நுட்பமான ஒன்றை அர்ச்சனைத் தட்டில் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோமே!

அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயல் காற்றில் சாய்ந்தது. மரம் சாகவில்லை. ஏற்கெனவே மண்ணைப் பிடித்திருந்த விழுதுகளே தாங்கிக்கொண்டன. அங்கே இன்று தூண் தூணாக நிற்பவை எல்லாம் விழுதுகள்தான். சாலையோர ஆலமரத்துக்கு அந்த வாய்ப்பையே நாம் கொடுப்பதில்லை. போகிற வண்டியில் இடிக்கிறதென்று விழுதை நறுக்குகிறோம். கேபிள் பதிக்க வேரை வெட்டுகிறோம். அப்புறம் நடைபாதை போடும்போது அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசிவிடுகிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நகரம் முழுக்க மரங்கள் விழுந்தன. உடனே 'மரம் இருந்தாலே ஆபத்து' என்று பேச்சு. வேரை வெட்டியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்ட் இருக்கக் கூடாது என்று டெல்லிக்கு 2013இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மகாராஷ்டிரா 2021இல் 50 வயதைத் தாண்டிய நகர மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. நமக்கு மட்டும் என்ன தயக்கம்? வார்டு வாரியாகப் பழைய மரங்கள், அபூர்வ மரங்களின் பட்டியலை மாநகராட்சி எடுத்து வெளியிட வேண்டும். பட்டியலில் இருக்கும் மரத்தைத் தொடுவதற்கு முன் அந்தத் தெருவாசிகளைக் கேட்க வேண்டும். பெரிய வளாகம் வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது பொதுமக்களை உள்ளே விடலாம். மரங்களுக்காக இயங்கும் 'நிழல்' அமைப்பு பல வருடங்களாக மர நடை (நடந்தே போய் மரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வது) நடத்துகிறது, ஒருமுறை பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

மாநகராட்சி பட்டியல் எடுக்கிற வரை காத்திருக்காமல் நாமே தொடங்கலாம். யானைக்கால் மாதிரி அடிபருத்த பெருக்க மரம், நீளக் காம்பில் சுரைக்காய் போலக் காய் தொங்கும் சிவகுண்டலம், விழுது வெட்டப்படாத ஆல், எது உங்கள் தெருவில் இருந்தாலும் படமும் தெருப் பெயரும் கமெண்டில் போடுங்கள். சேர்ந்ததைத் தொகுத்து அந்தந்த வார்டு கவுன்சிலருக்கு நானே அனுப்புகிறேன்.