புள்ளிக் கணக்கும் குடும்பமும்

ஆங்கிலத்தின் 'ஃபேமிலி', லத்தீனில் வேலையாள், அடிமை என்று பொருள்படும் 'ஃபாமுலுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று குடும்பம் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. சரிதான். ரோமில் 'ஃபாமிலியா' என்றால் வீட்டுத் தலைவரின் ஆளுகைக்கு உட்பட்ட எல்லோரும். அடிமைகளும் அதில் சேர்த்தி.

ஆனால் நம் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டீர்களே! 'குடும்பம்' திருக்குறளிலேயே (1029) இருக்கிறது. எங்கள் செட்டிநாட்டிலோ நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கே தனி. கல்யாணம் ஆனால்தான் ஒரு 'புள்ளி', அதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்கில் ஒன்று. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்'. வேறு வைப்பது என்றதும் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம்! அதே வீடுதான், அதே வளவுதான் (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்). அடுப்பும் செலவும் மட்டும் தனி. எங்கள் அப்பத்தா காலத்தில் ஒரே வளவில் நாலு அடுப்பு எரியும். யார் வீட்டுக் குழம்பு மணக்கிறதோ அங்கே தட்டோடு போய் நிற்போம், அது வேறு கதை.

இதை ஒரு குடும்பம் என்பதா, நாலு என்பதா? ரேஷன் கார்டு அடுப்பை எண்ணும், கோயில் புள்ளியை எண்ணும். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். ரோமாபுரிக்குப் போன கட்டுரையாளர் அடுத்த முறை காரைக்குடிக்கும் ஒரு நடை வரலாம்.