பேய்க்கு ஒரு ரூல் இருக்கணும், அவ்ளோதான்

சின்ன வயசுல அம்மாச்சி வீட்ல ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா பாதி கொழம்ப தூக்குவாளியில ஊத்தி பெரிய மாமா வீட்டுக்கு என்கிட்டதான் குடுத்துவிடும். இருட்டிடுச்சுன்னா வாளி மூடி மேல அடுப்புலேர்ந்து ஒரு கரித்துண்டு எடுத்து வச்சுடும். ஏன் அம்மாச்சின்னு கேட்டா "வச்சிருக்கேன்ல, பேசாமப் போடா", அதுக்கு மேல ஒரு வார்த்த வராது. மாமா வீடு இருநூறு அடி தூரம்தான், நடுவுல ஒரு புளியமரம். எனக்கு அந்த மரத்து மேல இருக்கறதப் பத்தி பயமே கிடையாது, கரித்துண்டு உருண்டு கீழ விழுந்துடுமோன்னுதான் உயிரே போகும், வாளியையே பாத்துக்கிட்டு நடந்து ரெண்டு தடவ கல்லு தடுக்கி விழப் போயிருக்கேன்.

இப்ப எதுக்கு இந்தக் கதன்னா, ஒரு ரெண்டு வருசமா ஹாரர், டார்க் ஃபேன்டஸின்னு கைல கெடச்சதெல்லாம் படிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்கேன், அதுல எது பிடிச்சுது எது பிடிக்கலன்னு யோசிச்சுப் பாத்தா எல்லாம் அந்தக் கரித்துண்டுலதான் வந்து நிக்குது. பேய் எப்படி இருக்கு, எத்தன பல்லு, எவ்ளோ ரத்தம்ங்கறது எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். கதைல ஒரு ரூல் இருக்கணும், அந்த ரூலுக்கு யாராவது ஒருத்தர் வெல குடுக்கணும், அது ஏன் அப்படின்னு எவனும் உக்காந்து கிளாஸ் எடுக்கக்கூடாது. இது மூணும் இருந்துட்டா நான் காலி.

இதுக்கு பெஸ்ட் உதாரணம் 2025 மார்ச்ல வந்த 'தி பஃபலோ ஹண்டர் ஹண்டர்'. எழுதுனவர் ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸ், அமெரிக்கப் பூர்வகுடிகள்ல பிளாக்ஃபீட் இனத்தச் சேர்ந்தவர். அமெரிக்காவோட மொன்டானா மாநிலத்துல ஒரு பழைய வீட்டுச் சுவத்துக்குள்ள 1912ல ஒரு லூத்தரன் பாதிரியார் எழுதுன டைரி கிடைக்குது. அந்த டைரிக்குள்ள குட் ஸ்டாப் (Good Stab)னு ஒரு பிளாக்ஃபீட் ஆளு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வந்து உக்காந்து தன் கதைய பாவமன்னிப்பு மாதிரி சொல்றான். அவன் வாம்பயர். சரி, வாம்பயர் கத ஆயிரம் பாத்தாச்சுன்னு நெனச்சுதான் நானும் ஆரம்பிச்சேன்.

ஆனா இதுல ரூல் என்னன்னா, நீ எதோட ரத்தத்தக் குடிக்கிறியோ கொஞ்சம் கொஞ்சமா அதுவாவே மாறிடுவ. மானைக் குடிச்சிக்கிட்டே இருந்தா தலைல கொம்பு மொளைக்கும். வெள்ளக்காரனக் குடிச்சா தாடி வளரும், தோலு வெளுக்கும். அப்ப அவன் பிளாக்ஃபீட்டாவே இருக்கணும்னா யாரக் குடிக்கணும்? படிக்கும்போது இந்த எடம் எனக்குப் புரிஞ்ச நிமிசம் புக்க மூடிட்டு மொட்ட மாடிக்குப் போய் ஒரு ரவுண்டு நடந்துட்டு வந்தேன், பொய் இல்ல. தன் சனத்துக்காகப் பழிவாங்கக் கெளம்புனவன் தன் சனத்தையே குடிச்சாதான் தன் சனமா இருக்க முடியும். மொத்தப் புத்தகமும் இந்த ஒத்த ரூல் மேல நிக்குது, எங்கயும் விஞ்ஞான விளக்கம் கிடையாது, அவன் மேல அது எப்படி வேல செய்யுதுன்னு அவன் பட்டுத் தெரிஞ்சுக்கறான், நாமளும் அவன்கூடயே தெரிஞ்சுக்கறோம்.

அதுக்குப் பின்னால இருக்கற சம்பவம் நெசம். 1870 ஜனவரி 23, மரையாஸ் ஆத்தங்கரைல அம்மை நோய்ல கெடந்த ஒரு பிளாக்ஃபீட் முகாம அமெரிக்க ராணுவம் சுட்டுச்சு, கிட்டத்தட்ட இருநூறு பேரு, பெரும்பாலும் பொம்பளைங்க, பிள்ளைங்க, வயசானவங்க. அதே காலத்துல காட்டெருமைங்களத் தோலுக்காகச் சுட்டு உடம்ப அப்படியே வெயில்ல போட்டுட்டுப் போயிட்டு இருந்தானுங்க. அந்த ரெண்டு சாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் கத நகருது. மொழி முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், எருமைய எருமைன்னு சொல்ல மாட்டான், கருங்கொம்புங்கற மாதிரி அவங்க பாஷைப் பேரத்தான் சொல்வான், அம்பது பக்கம் பொறுத்துக்கிட்டா பழகிடும். ஒரே கொற, கடைசில நவீன காலத்துக்கு வர்ற பகுதி, அதுவரைக்கும் இருந்த எட கனம் அங்க சர்ருனு கொறஞ்ச மாதிரி எனக்கு. பாதிரியாரப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

அடுத்தது மரியானா என்ரிகெஸோட 'அவர் ஷேர் ஆஃப் நைட்'. அர்ஜென்டினாக்காரங்க, ஸ்பானிஷ்ல 2019லயே வந்துடுச்சு, அந்த வருசமே அங்க எர்ரால்தே பரிசும் வாங்குச்சு, மேகன் மெக்டவல் இங்கிலீஷ்ல பண்ணதுக்கப்புறம்தான் நம்ம கைக்கு வந்துது. கிட்டத்தட்ட 600 பக்கம். 1981, ராணுவ ஆட்சி நடக்குது, ஹுவான்னு ஒரு அப்பா ஆறு வயசுப் பையன் காஸ்பரக் கூட்டிக்கிட்டு கார்ல வடக்க போறாரு, அம்மா செத்து மூணே மாசம். அப்பாக்கு பொறவிலேயே இதயக் கோளாறு, அதோட அவர் ஒரு மீடியம், பணக்காரக் குடும்பங்க சேந்து நடத்துற ஒரு கூட்டம் அவர் உடம்பு வழியா இருட்ட வரவழைக்குது. அந்த இருட்டு முன்னாடி கும்புட வர்றவங்களோட கையி, வெரலுன்னு தின்னுட்டுப் போகும், அதுங்களும் சந்தோசமாக் குடுத்துட்டுப் போகும். ரூல் இதுதான்: கூப்புடக் கூப்புட மீடியத்தோட உடம்பு தேஞ்சுக்கிட்டே வரும், அது முடிஞ்சா அடுத்து பையன். அதனால தன் பையனுக்கு அந்தச் சக்தி இருக்கறது வெளிய தெரியாமக் காப்பாத்தணும்னு அப்பா அவன்கிட்ட நடந்துக்கற விதம் இருக்கே, கண்ணாடித் துண்டு வர்ற அந்த அத்தியாயம், சத்தியமா பேய் வர்ற எடத்த விட அதான் என்ன ஒலுக்கிடுச்சு. பாசமா கொடூரமான்னு பையனுக்கும் தெரியல நமக்கும் தெரியல.

நடுவுல லண்டன் அறுபதுகள்னு ஒரு பெரிய பகுதி வருது, அது எனக்கு இழுவை, யாருக்காவது பிடிச்சிருந்தா கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

ஒரு விசயம் சொல்லிடறேன், இந்த மாதிரி புக்குங்களுக்கு ரிவ்யூ எழுதற எல்லாரும் கடைசில "உண்மையான பேய் மனுசன்தான்"னு ஒரு லைன் போட்டு முடிக்கிறாங்க பாருங்க, அதப் படிச்சாலே எனக்கு எரிச்சலா வருது. அப்படின்னா பேய் எதுக்குப்பா, பேசாம கட்டுரை எழுதிட்டுப் போயிருக்கலாமே? தனானரீவ் டியூவோட 'தி ரிஃபார்மேட்டரி'க்கு இந்த லைன் எத்தன பேர் எழுதிட்டாங்க. 2023ல வந்துது, ஹாரர் எழுத்துக்குன்னே குடுக்கற பிராம் ஸ்டோக்கர் விருது வாங்குச்சு. ஃப்ளோரிடால டோசியர்னு பசங்கள அடைச்சு வைக்கிற சீர்திருத்தப் பள்ளி ஒண்ணு 1900லேர்ந்து 2011 வரைக்கும் நடந்துது, மூடுனதுக்கப்புறம் ஆராய்ச்சியாளருங்க தோண்டிப் பாத்து 55 கல்லறை எடுத்தாங்க. டியூவோட பாட்டி வழி உறவா தாத்தா வழி உறவான்னு விடுங்க, அவங்க சொந்தத்துல ராபர்ட் ஸ்டீஃபன்ஸ்னு ஒரு பையன் 1937ல பதினஞ்சு வயசுல அங்கதான் செத்தான். நாவல்ல அதே பேர்ல ஒரு பன்னண்டு வயசுப் பையன், 1950, அக்காகிட்ட வம்பு பண்ண வெள்ளக்காரப் பையன எட்டி ஒதச்சான்னு ஆறு மாசம் உள்ள தள்ளுறாங்க.

அவனுக்குச் செத்தவங்க கண்ணுக்குத் தெரியுவாங்க. அது தெரிஞ்ச வார்டன் அவன வச்சே ஆவிங்களப் புடிக்கப் பாக்குறான், செத்த பசங்களோ அவன வச்சு வேற ஒரு காரியத்த முடிக்கப் பாக்குறாங்க. ரெண்டு பக்கமும் இவனத்தான் கருவியாக்குது. செத்தவங்க நல்லவங்க, உயிரோட இருக்கறவன் கெட்டவன்னு சுளுவா முடிச்சிருந்தா இது நிக்காது. செத்த பசங்களும் அவசரக்காரப் பசங்கதான், கோவக்காரப் பசங்கதான். பேய் இதுல அலங்காரம் இல்ல, அதுக்கும் வேண்டியது ஒண்ணு இருக்கு, அத இவன் மூலமா வாங்கப் பாக்குது. வெளிய அந்த அக்கா குளோரியா தம்பிய மீட்க ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டு அலையற பகுதிகள நான் ராத்திரி பஸ்ல படிச்சேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்.

ஷெஹான் கருணாதிலகவோட 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மைடா' நெறைய பேர் படிச்சிருப்பீங்க, 2022 புக்கர் பரிசு வாங்குன நாவல். அத யாரும் ஹாரர் ஷெல்ஃப்ல வைக்க மாட்டாங்க, நான் வைப்பேன். 1990 கொழும்பு, போர் ஃபோட்டோ எடுக்கற ஆளு செத்துப்போய் ஒரு விசா ஆபீஸ் மாதிரி எடத்துல முழிக்கிறான், க்யூ, கவுன்ட்டர், "காத செக் பண்ணிட்டு வா"ன்னு அனுப்பற அட்டகாசம், அந்தக் காமெடியெல்லாம் சரி. ஆனா அங்க ஒரு ரூல்: ஆவி அது இஷ்டத்துக்குச் சுத்த முடியாது, தன் உடம்பு போன எடத்துக்குப் போகலாம், இல்ல எங்க தன் பேரச் சொல்றாங்களோ அங்க போகலாம். ஆளுங்க காணாமப் போய்க்கிட்டே இருந்த ஊர்ல, பேரச் சொல்லவே பயந்துக்கிட்டு இருந்த காலத்துல, இந்த ரூல வச்சவன் மூளைய என்னன்னு சொல்றது. ஒவ்வொரு தடவ யாராவது மாலின்னு சொல்லும்போதும் அவன் அங்க இழுத்துட்டுப் போகப்படறான், பேச முடியாது, தொட முடியாது, கேட்டுக்கிட்டு நிக்கலாம்.

நம்ம ஊர்லயும் பேரு விசயத்துல ரூல் உண்டுல்ல, ராத்திரி யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் பதில் குடுக்கணும், பேய்னா மூணு தடவ கூப்பிடாதுன்னு. இந்தப் புக்க முடிச்ச அன்னிக்கு ராத்திரி அக்கா மக வெளியேருந்து "மாமா, மாமா"ன்னு கத்துறா, நான் மூணாவதுக்கு வெயிட் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன், கேட்டத் தொறக்காம மழைல நிக்க வச்சதுக்கு இன்னிக்கு வரைக்கும் திட்டு வாங்கறேன்.

இப்ப ஏமாத்தத்துக்கு வருவோம். ஆர்.எஃப். குவாங்கோட 'கட்டாபசிஸ்', 2025 ஆகஸ்ட்ல வந்துது, அவங்களோட 'பேபல்' எனக்கு உசுரு, அதனால வந்த கையோட வாங்கிட்டேன். கேம்பிரிட்ஜ்ல மந்திரம் படிக்கற ரெண்டு ஆராய்ச்சி மாணவங்க, செத்துப்போன கைடுகிட்ட சிபாரிசு லெட்டர் வாங்க நரகத்துக்குப் போறாங்க. ஐடியா கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சேன், பிஎச்டி பண்ண நண்பனுக்கு மெசேஜ் போட்டா அவன் "இதுல ஃபேன்டஸி எங்கடா இருக்கு"ன்னு கேக்கறான். உள்ள போறதுக்கு வெல, மீதி இருக்கற ஆயுசுல பாதி. எவ்ளோ பெரிய கரித்துண்டு பாருங்க அது! ஆனா அந்த வெல குடுத்த பாரம் அந்தப் பசங்க மூஞ்சில எனக்குத் தெரியவே இல்ல, ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவ தத்துவம், லாஜிக் புதிர், நரகத்தப் பத்தி காவியம் எழுதுன தாந்தே என்ன சொன்னாரு, செத்த பொண்டாட்டியத் தேடிப் பாதாளத்துக்குப் போன கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் என்ன பண்ணானு லெக்சர். நரகமே காலேஜ் கேம்பஸ் மாதிரி இருக்குங்கறது நல்ல கிண்டல்தான், ஆனா கேம்பஸ்ல ஆர்வம் வரலாம், கடுப்பு வரலாம், பயம் எப்படி வரும்? அந்த ரெண்டு மாணவங்கள்ல ஒருத்தியான ஆலிஸ் அந்தக் கைடுகிட்ட பட்டது வெளிய வர்ற அத்தியாயங்கள் மட்டும் உண்மையிலயே சுடுது, அங்க எந்த விளக்கமும் இல்லங்கறத கவனிங்க.

காளான் ஹாரர்னு ஒரு அலை ஓடிச்சே, அதப் பத்தி ரெண்டு வரி. சில்வியா மொரேனோ-கார்சியாவோட 'மெக்ஸிகன் காதிக்' (2020) முதல் பாதி ரொம்ப மெதுவு, அந்த வீட்டுச் சுவத்துக்குள்ள என்னன்னு தெரியற வரைக்கும் நல்ல புழுக்கம், தெரிஞ்சதுக்கப்புறம் புழுக்கம் போயி ஆக்ஷன் வந்துடுது. டி. கிங்ஃபிஷரோட 'வாட் மூவ்ஸ் தி டெட்' (2022) சின்னப் புக்கு, ஒரே மூச்சுல முடிச்சிடலாம், அதுல வர்ற முயலுங்க மட்டும் போதும்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு இன்பாக்ஸ்ல கேக்கறவங்களுக்கு: மாலிலேர்ந்து ஆரம்பிங்க, அப்புறம் ரிஃபார்மேட்டரி, பஃபலோவ லீவு நாள்ல எடுங்க. என்ரிகெஸ கிண்டில்ல படிங்க, படுத்துக்கிட்டுப் படிச்சு மூக்கு மேல போட்டுக்கிட்டவன் சொல்றேன். கட்டாபசிஸ் வேணும்னா என்கிட்டயே இருக்கு, திருப்பித் தரலன்னாலும் பரவால்ல.