முக்கால் டன் ஏத்திக் காட்டிட்டு அப்புறம் விலையைச் சொல்லுங்க

நாலு லட்ச ரூபாய்க்குப் புது லோடு வண்டி வந்திருக்கு, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்காத ஆள் இப்போது சேலம் லீ பஜாரில் குறைவு. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றி ஏற்காட்டுக் கடைகளில் இறக்குவதுதான் என் பிழைப்பு. திரும்பும்போது காபிக்கொட்டையோ மிளகோ பலாப்பழமோ கிடைத்ததை ஏற்றி வருவேன். அதனால் மலைக்கு எது தாங்கும், எது தாங்காது என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். கையிலிருக்கும் காசையும் கடனையும் சேர்த்துப் போடப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், விலை குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ 3.99 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 694 சிசி, ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 750 கிலோ லோடு. அதே வருசம் செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும் எல்லாக் கம்பெனி வண்டியும் இன்னும் கொஞ்சம் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. பார்சல் டெலிவரிக்குப் பைக்கில் அலைகிற பையன், அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகவே காலம் தள்ளிய அண்ணன், எல்லாருக்கும் சொந்த வண்டி என்கிற ஆசை இப்போதுதான் கைக்கு எட்டுகிறது. அந்த ஆசையை நான் கெடுக்க வரவில்லை. அது நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்கிற கவலையில்தான் எழுதுகிறேன்.

விலை குறைவு என்றாலே மட்டம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005-ல் குட்டியானை என்று நாம் சொல்கிற முதல் டாடா ஏஸ் வந்தபோதும் இதே பேச்சுத்தான். 702 சிசி டீசல், வெறும் 16 குதிரைத்திறன், இது எங்கே மலை ஏறப் போகிறது என்றார்கள். ஏறியது. மெதுவாக ஏறியது, ஆனால் ஏறியது. இந்தியா முழுக்க இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அதே கம்பெனி 2009-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நானோவைக் கொண்டு வந்தது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி பரவியது, மலிவு கார் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது, 2018-ல் உற்பத்தியே நின்றுபோனது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ரெண்டுமே மலிவு விலை. குட்டியானையை வாங்கினவன் மறுநாளே லோடு ஏற்றி அடித்துப் பார்த்தான், தாங்கியது, அடுத்தவனிடம் சொன்னான். அந்த வாய்ச்சொல்லில்தான் அது ஓடியது. விளம்பரத்தில் இல்லை.

இப்போது புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கதவைத் தட்டிப் பார்த்து "தகடு மெல்லிசா இருக்குங்ணா" என்கிறார்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்க்கிறார்கள். அதெல்லாம் ரெண்டாம்பட்சம். குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தொட்டி உட்காரும் இடத்தில் வெல்டிங் சீராக இருக்கிறதா, அந்த இணைப்பில் பெயிண்ட் பிடித்திருக்கிறதா, இல்லை இப்போதே துரு எட்டிப் பார்க்கிறதா? வயர் கட்டு எந்த வழியாகப் போகிறது, சைலன்சர் பைப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இரும்பு முனை எதிலாவது உரசுகிறதா? கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஷோரூம்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வயரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மச்சான் ஒருத்தர் வேறொரு கம்பெனியின் மினி டிரக்கை அது வந்த புதுசிலேயே வாங்கினார். பெயர் வேண்டாம். சமவெளியில் அருமையாக ஓடிய வண்டி, மலையில் பாதி தூரம் ஏறியதும் இன்ஜின் விளக்கு எரிந்து பவரே இல்லாமல் முனகும். அணைத்துவிட்டு ஆறவைத்துப் போட்டால் ஓடும். அடுத்த வாரம் திரும்ப அதே கதை. சர்வீஸில் விட்டால் கம்ப்யூட்டரை மாட்டி "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கடைசியில் கோரிமேட்டில் ஒரு வயசான மெக்கானிக் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். சென்சாருக்குப் போகும் வயர் தொட்டிக்கு அடியில் ஒரு கிளாம்பில் உரசி, மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்துகொண்டிருந்தது. லோடு ஏறி, வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது மட்டும் அது இரும்பைத் தொடும். காலி வண்டியை ஷெட்டில் நிறுத்திச் சோதித்தால் எந்தக் காலத்தில் தெரியும்?

கோளாறு என்னவோ சின்னதுதான். ஆனால் வாரண்டியில் அந்த வயர் கட்டை மாற்ற வேண்டும், அது டிப்போவில் ஸ்டாக் இல்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி வண்டியை வாங்கி நிறுத்திக்கொண்டார்கள். வாரக்கணக்கில் நின்றது. வாடிக்கையாக லோடு கொடுத்த மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார். டியூ தேதி மட்டும் தவறாமல் வந்தது. ஃபைனான்ஸ்காரருக்கு வண்டி ஓடினால் என்ன, ஷெட்டில் நின்றால் என்ன? பாகம் இலவசம்தான். ஆனால் அந்த மாதம் வீட்டுக்கு அரிசி வாங்கியது அக்காவின் தோடு.

விலை, மைலேஜ், தகடு எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். வண்டி நிற்கிற நாளுக்கு யார் பொறுப்பு? சொகுசுக் கார் வாங்கினவர் வீட்டில் இன்னொரு கார் நிற்கும். மினி டிரக் வாங்குகிறவருக்கு அது ஒன்றுதான் முதல், அது ஒன்றுதான் வருமானம். புது மாடலின் முதல் லாட்டில் சில குறைகள் இருக்கும், போகப் போகச் சரிசெய்வார்கள் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சரிசெய்கிற காலத்தின் செலவை முதலில் நம்பி வாங்கினவன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வாரண்டி வேலைக்காக மூன்று நாளுக்கு மேல் வண்டி நின்றால் மாற்று வண்டி கொடுங்கள். முடியாவிட்டால் நின்ற நாளுக்கான டியூவை நீங்கள் கட்டுங்கள். மலிவு வண்டி விற்கிற ஒவ்வொரு கம்பெனியிடமும் நான் கேட்பது இதுதான். மூன்று வருசம், ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி என்று பெரிதாக எழுதுவதை விட இந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிது.

இனி மலைக்கு வருகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் வழியாகப் போனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஒரே மூச்சில் ஏற வேண்டும். காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு சக்தி தானாகக் குறையும், காற்று லேசாகிவிடுவதால். 30 குதிரைத்திறன் என்று பேப்பரில் இருப்பது மலைமேல் நாகலூர்ப் பக்கம் போகும்போது 30 ஆக இருக்காது. பிரசுரத்தில் கிரேடபிலிட்டி இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அது எவ்வளவு செங்குத்தில் வண்டி ஏறும் என்பதற்கான எண். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஒரு மணி நேரம் இழுத்தால் ரேடியேட்டர் என்ன ஆகும், கிளட்ச் பிளேட்டு என்ன ஆகும் என்று அது சொல்லாது. வளைவில் மேலிருந்து பஸ் வந்தால் நிறுத்த வேண்டும், முழு லோடோடு அந்த ஏற்றத்திலேயே திரும்ப எடுக்க வேண்டும். கிளட்ச் தீய்ந்த வாடை வருவது அந்த இடத்தில்தான்.

ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குப் பயம். ஒன்றரை டன் மொத்த எடையோடு 1,200 மீட்டர் இறங்கினால், அந்த வேகத்தை அடக்குவதில் வருகிற சூடு அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவையும் இன்ஜினும் பிரேக்கும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். பின்சக்கரத்தில் இருக்கிற சின்ன டிரம் பிரேக் சூடேறி, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி பிடிக்காமல் ஓடுகிற அந்த நிமிசம் ஒரு தடவை வந்தால் போதும். அதோடு, 2023 அக்டோபரிலிருந்து கார்களை மோதவிட்டுச் சோதித்து பாரத் என்கேப் என்ற பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அது பயணிகள் கார்களுக்கு மட்டும். காலுக்கு முன்னால் ஒரு சாண் இடம்கூட இல்லாமல் உட்கார்ந்து ஓட்டுகிற எங்கள் வண்டிகளுக்கு நட்சத்திரமும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இல்லை. முதலில் தேவைப்படுவது எங்களுக்குத்தான்.

750 கிலோ வண்டியில் ஒன்றே கால் டன் ஏற்றுகிற பழக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குட்டியானை தாங்கியதே என்பார்கள். புது வண்டியின் அடிப்பாகம் வேறு, கணக்கு வேறு. ஓவர்லோடு போட்டுவிட்டு வாரண்டி கேட்டால் கம்பெனிக்காரன் நம் வாயை மூட நாமே வழி விட்டதாக ஆகும்.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. "இது கமர்சியல் வண்டி, நீங்க நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று டீலர் ஆட்கள் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். முழுப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கம் இருக்கிறது. 1995-ல் சுப்ரீம் கோர்ட் முடித்துவைத்த ஒரு வழக்கிலேயே, தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கினவரும் ஆட்டோ வாங்கினவரும் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிற முதலாளி கதை வேறு. ஒரு வண்டி, நீயே டிரைவர் என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீ குடியிருக்கிற ஊரில் போடலாம். வண்டி விலை அஞ்சு லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட் கட்டணமே கிடையாது. முதல் கட்டமாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் புகார் பதியலாம்.

ஆனால் கையில் காகிதம் வேண்டும். சர்வீஸில் விடும்போது "ஜெனரல் செக்கப்" என்று ஜாப் கார்டில், அதாவது அவர்கள் போடுகிற வேலைச்சீட்டில், எழுத விடாதீர்கள். "லோடுடன் ஏற்றத்தில் பவர் குறைகிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது" என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி ரெண்டும் அதில் இருக்கட்டும். விளக்கு எரிவதைப் போனில் வீடியோ எடுங்கள். ஒரே கோளாறு பல பேருக்கு இருந்தால் அரசின் வாகன் தளத்திலும் புகார் போடுங்கள். 2021 ஏப்ரல் முதல், பாதுகாப்புக் குறை பற்றிய புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தொட்டால், ஏழு வருசத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே கம்பெனிக்கு உத்தரவு போட முடியும். டீக்கடையில் நாம் திட்டுவது அந்தக் கணக்கில் வராது.

சரி, வாங்கலாமா? ஊருக்குள் ஓட்டுகிறவர், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, ஐந்து ரோடு என்று கடைக்குக் கடை சரக்குப் போடுகிறவர், அளவான லோடுதான் என்றால் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். இந்த விலையில் புது வண்டி அவருக்கு நல்ல வாய்ப்பு. மலைக்கென்றே வாங்குகிறவர், முழு லோடுக்காரர், கையில் மூன்று மாத டியூ சேமிப்பு இல்லாதவர் இவர்களெல்லாம் ஒரு மழைக்காலம் பொறுங்கள். முதல் லாட் வண்டிகள் ஒரு ஐப்பசி, கார்த்திகையைப் பார்க்கட்டும். சேலத்தில் எத்தனை சர்வீஸ் சென்டரில் அந்த இன்ஜினுக்குப் பாகம் ஸ்டாக் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். கிளட்ச் பிளேட்டு, பிரேக் ஷூ, வாட்டர் பம்ப் இந்த மூன்றும் இன்றைக்கே கையில் இருக்கிறதா என்று பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

சேலத்து டீலர்களுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்ட் டிரைவ் என்று காலி வண்டியைப் பைபாஸில் ஒரு ரவுண்டு விட்டுக் காட்டுகிறீர்கள். அது எங்களுக்கு எதற்கும் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் விற்கிற வண்டியில் முக்கால் டன் அரிசி மூட்டை ஏற்றி அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஏற்காடு ஏரி வரைக்கும் நாங்களே ஓட்டிப் போய் அதே லோடோடு இறக்கிக் கொண்டு வருகிறோம். பெட்ரோல் காசு எங்களுடையது. வண்டி நல்லபடியாக இறங்கி வந்தால் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்க லீ பஜாரிலிருந்து ஆட்களை நானே கூட்டி வருகிறேன்.