'ரஷ்யா தெரியும்' என்று சொன்னது சாரா பேலின் அல்ல, டினா ஃபே

"என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்" என்று 2008 அமெரிக்கத் தேர்தலின் துணை அதிபர் வேட்பாளரும் அப்போதைய அலாஸ்கா மாநில ஆளுநருமான சாரா பேலின் சொன்னதாக இன்றும் பகிர்கிறார்கள். தவறு. அதைச் சொன்னவர் நடிகை டினா ஃபே. 2008 செப்டம்பர் 13 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் பேலின் வேடம் போட்டு, ஹிலாரி கிளிண்டனாக வந்த ஏமி போலருக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

சரி, பேலின் என்னதான் சொன்னார்? இரண்டு நாள் முன்பு ஒளிபரப்பான ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில், அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்கலாம் என்றார். அது உண்மையும்கூட. பெரிங் நீரிணையில் அமெரிக்காவின் சின்ன டயோமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பெரிய டயோமீடுக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர்தான். வெளியுறவு பற்றிய கேள்விக்கு அது போதாத பதில் என்று தாராளமாக விமர்சிக்கலாம். சொல்லாததைச் சொன்னதாக்குவது நியாயமே இல்லை.

டினா ஃபேயின் உழைப்பும் இதில் மறைந்துபோகிறது. 1997இல் எழுத்தாளராகச் சேர்ந்து, 1999இல் அந்த நிகழ்ச்சியின் முதல் பெண் தலைமை எழுத்தாளரானவர் அவர். 2006இல் விலகிப் போனவர், பேலின் வேடத்துக்காகவே திரும்ப வந்தார். அதற்கு 2009இல் எம்மி விருதும் வாங்கினார்.